நெல்லை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் ஃபாண்டன்ட் கேக்: அடி முதல் அலங்காரம் வரை

சீனியை ஆளத் தெரிந்த சீமை நம்முடையது. கோதுமைப் பாலைப் பாகோடு சேர்த்துக் கைவிடாமல் கிண்டி, நெய் கக்கும் பதத்தில் அல்வாவை இறக்குகிறோம். தூத்துக்குடியில் வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து, முந்திரித் தூள் சேர்த்து மக்ரூன் சுடுகிறார்கள். கேக்கும் நமக்குப் புதிதல்ல. மார்கழி பிறந்தால் பாளையங்கோட்டைத் தெருக்களில் பழக் கேக் வேகும் வாசனை வீட்டுக்கு வீடு வரும். இவ்வளவு இருந்தும், கேக்கின் மேல் துணிபோல் போர்த்தும் சீனிப் போர்வையான ஃபாண்டன்ட் என்று சொன்னால் பலரும் கையை எடுத்துவிடுகிறார்கள். "நம் ஊர் வெயிலுக்கு அது தாங்காது" என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில்.

பல வருடங்களாக வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: வெயிலுக்கு ஃபாண்டன்ட் தாங்கும். சித்திரை மாதத்து 38, 39 டிகிரியில் அது இளகும், ஆனால் உருகி ஓடாது. உருகுவது அதற்கு அடியில் நாம் பூசும் வெண்ணெய்க் கிரீம்தான். ஃபாண்டன்ட்டுக்கு உண்மையான பகை ஈரம். சீனி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அடியிலிருக்கும் கிரீமின் தண்ணீரையும் இழுக்கும். இழுத்ததும் பிசுபிசுக்கும், வேர்க்கும், வண்ணம் வழியும். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியிலும், நமக்கு அடைமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையிலும், திருச்செந்தூர்க் கடற்கரையில் ஆண்டு முழுவதும் கவனம் வேண்டியது அதற்காகத்தான். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த ஈரத்தை மனத்தில் வைத்தே சொல்லப்படுகிறது.

6 அங்குல விட்டமும் 4 அங்குல உயரமும் உள்ள வட்டக் கேக்கை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முதல்முறை செய்கிறவருக்கு அதுவே சரியான அளவு.

ஃபாண்டன்ட் என்பது என்ன

உருக்குவது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. இதில் இரண்டு வகை உண்டு. சீனிப்பாகைச் சுமார் 115 டிகிரி செல்சியஸில் இறக்கி, ஆறவிட்டு, வெளுக்கும் வரை அடித்து எடுப்பது ஒன்று. அதை இளக்கி மேலே ஊற்றுவார்கள். மாவுபோலப் பிசைந்து, தேய்த்துப் போர்த்துவது மற்றொன்று. நாம் பேசப்போவது போர்த்தும் வகை.

அதில் என்னென்ன இருக்கிறது, எது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோளாறுகளை நீங்களே சரிசெய்துவிடலாம். உடம்பு முழுவதும் ஐசிங் சுகர். அது இழுபட்டு வளைவதற்கு ஜெலட்டின். சீனி மறுபடி பூத்துக் கரகரக்காமல் இருக்க லிக்விட் குளுக்கோஸ். பாகில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவதும் இதே காரணத்திற்குத்தான். காய்ந்து வெடிக்காமல் ஈரத்தைப் பிடித்துவைக்க கிளிசரின். வழவழப்புக்குக் கொஞ்சம் வெள்ளைக் கொழுப்பு, அதாவது ஷார்ட்னிங்.

ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. சைவக் குடும்பத்து விசேஷத்திற்கு என்றால் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஜெலட்டின் இல்லாமல் தாவரப் பிசின்களைக் கொண்டு செய்த ஃபாண்டன்ட் கிடைக்கிறது. கேட்பவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிடுவது நேர்மை.

வாங்குவதா, வீட்டில் பிசைவதா

முதல் மூன்று, நான்கு கேக்குகளுக்குக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. நல்ல பதம் கைக்கு எப்படி இருக்கும் என்று தெரியாமல் வீட்டில் பிசைந்தால், தவறு பிசைந்ததிலா போர்த்தியதிலா என்று கண்டுபிடிக்க முடியாது. 700 கிராம் போர்த்த, கால் கிலோ அலங்காரத்துக்கு என்று கணக்கிட்டு 1 கிலோ பாக்கெட் வாங்கினால் போதும்.

கை பழகிய பிறகு வீட்டில் செய்யும் முறை இது. 10 கிராம் ஜெலட்டினை 60 மில்லி குளிர்ந்த தண்ணீரில் தூவி 5 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கரையுங்கள். ஜெலட்டின் கொதிக்கக் கூடாது, கொதித்தால் அதன் பிடிப்பு போய்விடும். அதில் 120 மில்லி லிக்விட் குளுக்கோஸ், 1 மேசைக்கரண்டி கிளிசரின், 30 கிராம் ஷார்ட்னிங் சேர்த்து எல்லாம் இளகியதும் இறக்குங்கள். அகலமான பாத்திரத்தில் சலித்து வைத்த 700 கிராம் ஐசிங் சுகரின் நடுவில் குழி செய்து இதை ஊற்றி, மரக்கரண்டியால் கிளறுங்கள். கரண்டிக்கு அடங்காத நிலை வந்ததும் மேடையில் கொட்டி, இன்னும் 200 முதல் 300 கிராம் சீனியைப் பையப் பையச் சேர்த்துப் பிசையுங்கள். கையில் ஒட்டாமல், கொழுக்கட்டை மாவைவிடச் சற்று இறுக்கமாக, இழுத்தால் அறுபடாமல் நீள வேண்டும். மேலே ஷார்ட்னிங் தடவி, பிளாஸ்டிக் உறையால் காற்றுப் புகாமல் இரண்டு முறை சுற்றி, ஒரு நாள் முழுவதும் வெளியிலேயே ஓய்வில் விடுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். மருந்துக் கடையில் தோலுக்குத் தடவ விற்கும் கிளிசரின் வேண்டாம். உணவுக்கு உரியது என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள். மிக்ஸியில் அரைத்த சீனி எவ்வளவு சலித்தாலும் நறநறப்பு மிஞ்சும், அந்த இடத்தில்தான் ஃபாண்டன்ட் கிழியும். ஆகவே ஐசிங் சுகரே வாங்குங்கள். அடுத்தது நம் ஊருக்கே உரியது: மழை மாதங்களில் கிளிசரினைப் பாதியாகக் குறையுங்கள். அதுவும் ஈரத்தை இழுக்கும் பொருள்தான். காற்று வறண்டு அனலடிக்கும் சித்திரை, வைகாசியில் முழு அளவும் தேவைப்படும்.

அடிக் கேக்

ஃபாண்டன்ட் போர்வைதான், ஒட்டுப்போடும் துணி அல்ல. அடியில் இருக்கும் மேடுபள்ளம் எல்லாவற்றையும் அது வெளியே காட்டிவிடும். காற்றுப்போல மென்மையான ஸ்பாஞ்ச் கேக் அதன் கனத்தில் அமுங்கிவிடும். வெண்ணெய் சேர்த்த அடர்த்தியான கேக், சாக்லேட் மட் கேக், பழக் கேக் ஆகியவை பொருத்தம்.

நம் அளவுக்கு வெண்ணெய், சீனி, மைதா, முட்டை நான்கும் 250 கிராம் வீதம் எடுத்து, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்த்து, இரண்டு 6 அங்குலத் தட்டுகளில் பிரித்து 160 டிகிரியில் வேகவையுங்கள். 40 நிமிடத்துக்குப் பிறகு குச்சி விட்டுப் பாருங்கள். நன்றாக ஆறிய பிறகு சுற்றிக் கட்டி ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் உதிராமல் வெட்டலாம். மேலே உப்பிய பகுதியை ரம்பக் கத்தியால் சமமாகச் சீவிவிடுங்கள்.

உள்ளே வைக்கும் பூரணத்தில் புதிய பழத் துண்டுகளும் கஸ்டர்டும் வேண்டாம். அவை தண்ணீர் விடும், ஃபிரிட்ஜையும் கேட்கும். ஜாம், கனாஷ் (சூடான கிரீமில் சாக்லேட்டைக் கரைத்த கலவை), நெய்யில் வறுத்த முந்திரி, வற்றக் காய்ச்சிய பால் போன்றவை நல்லவை.

கனாஷ் பூச்சு

இங்குதான் பலர் தவறுகிறார்கள். கடைகளில் வழக்கமாகப் பூசும் விப்பிங் கிரீமின் மேல் ஃபாண்டன்ட்டைப் போர்த்தினால், சில மணி நேரத்தில் கிரீமின் தண்ணீரை அது குடித்துவிட்டு, அடியிலிருந்தே கரையத் தொடங்கும். வெண்ணெய்க் கிரீம் குளிர்நாடுகளில் சரி. வெண்ணெய் முப்பது டிகிரியைத் தாண்டினால் இளகும், நம் வீட்டுக் கூடமே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. ஆகவே சாக்லேட் கனாஷ் ஒன்றே நான் சிபாரிசு செய்வது.

கருப்புச் சாக்லேட் என்றால் வழக்கமான அளவு 2 பங்கு சாக்லேட்டுக்கு 1 பங்கு கிரீம். நம் வெயிலுக்கு அதை இரண்டரைக்கு 1 என்று இறுக்கிக்கொள்ளுங்கள். வெள்ளைச் சாக்லேட் இயல்பிலேயே இளகியது, அதற்கு மூன்றரைக்கு 1 வேண்டும். 500 கிராம் கருப்புச் சாக்லேட்டும் 200 கிராம் கிரீமும் நம் கேக்கின் உள்ளடுக்குக்கும் வெளிப்பூச்சுக்கும் போதும். கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட் ருசியில் ஒரு படி கீழே. வைகாசிக் கல்யாணத்துக்கு வெயிலில் நிற்க வேண்டிய கேக் என்றால் அதையே பயன்படுத்துவேன்.

கிரீமை ஓரத்தில் குமிழி வரும்வரை மட்டும் சூடாக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றி, மூன்று நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெல்லக் கலக்குங்கள். மேலே படும்படி உறையால் மூடி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் மார்கழியில் உறைந்த நெய்யைக் கரண்டியால் எடுப்பதுபோல் வர வேண்டும். கோடையில் அந்தப் பதம் வராவிட்டால் 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கேக்கை அதே அளவு அட்டையில் வைத்து, அடுக்குகளின் நடுவிலும் வெளியிலும் பூசுங்கள். முதல் பூச்சு மெல்லியது, உதிரித் தூளைப் பிடித்துவைப்பதற்கு. அது இறுகியதும் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு இரண்டாவது பூச்சு. டர்ன்டேபிளைச் சுற்றிக்கொண்டே நிமிர்த்திப் பிடித்த தகட்டால் வழியுங்கள். இறுகிய பிறகு, கொதிநீரில் முக்கித் துடைத்த கத்தியால் மேலும் பக்கமும் ஒருமுறை தடவினால் பள்ளங்கள் அடைந்து கண்ணாடிபோல் வரும். இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் தயங்காதீர்கள். கனாஷ் நறுவிசாக அமைந்துவிட்டால் போர்த்துவது 10 நிமிட வேலை.

பூசி முடித்த கேக்கை நான்கு, ஐந்து மணி நேரமாவது, முடிந்தால் ஓர் இரவு வெளியில் விடுங்கள். அடுக்குகளுக்கு இடையே சிக்கிய காற்று அதற்குள் வெளியேறிவிடும். இல்லாவிட்டால் பின்னால் அது பக்கவாட்டில் பலூன்போல் உப்பி நிற்கும்.

போர்த்துதல்

நேரம் முக்கியம். கோடையில் விடியற்காலை 5 மணிக்கோ இரவு 9 மணிக்கு மேலோ வைத்துக்கொள்ளுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு என்று என்பதை முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். வேலை நடக்கும் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். நம் ஊரில் இது கடினம் என்று தெரியும். ஆனால் விசிறிக் காற்று இரண்டே நிமிடத்தில் ஃபாண்டன்ட்டின் மேல்தோலைக் காயவைத்து யானைத் தோல்போல் சுருக்கிவிடும். ஏசி இருந்தால் 24 டிகிரியில் வைத்து, காற்று நேரே படாமல் திருப்பிவிடுங்கள்.

வளையல், மோதிரம் கழற்றுங்கள். வெள்ளை ஃபாண்டன்ட் என்றால் வண்ணப் புடவையோ உல்லன் துணியோ வேண்டாம். ஒரு நூலிழை ஒட்டினாலும் தெரியும்.

700 கிராம் ஃபாண்டன்ட்டை எடுத்து ஐந்து நிமிடம் பிசையுங்கள். பொட்டலத்திலிருந்து எடுக்கும்போது கல்போல் இருப்பது கைச்சூட்டில் இளகும். மிகவும் இறுகியிருந்தால் மைக்ரோவேவில் 5 விநாடி போதும். வண்ணம் சேர்ப்பதானால் இப்போதுதான். ஜெல் வண்ணத்தைப் பல்குச்சி நுனியால் தொட்டுத் தொட்டு வைத்துப் பிசையுங்கள். நீர்த்த வண்ணம் ஃபாண்டன்ட்டைக் கூழாக்கிவிடும். சில மணி நேரத்தில் நிறம் இன்னும் ஆழமாகும், ஆகவே வேண்டியதைவிடச் சற்று வெளுப்பாகவே நிறுத்துங்கள். கருஞ்சிவப்பும் கறுப்பும் வீட்டில் கலந்தால் வண்ணம் மிகுந்து கசக்கும். அந்த இரண்டையும் நிறம் சேர்த்ததாகவே வாங்குவது நல்லது.

மேடையில் சோளமாவை மெல்லிய துணிமுடிச்சில் கட்டித் தட்டுங்கள். கோலம் போடும் முன் தரையில் பொடி விழுவதுபோல் அவ்வளவு லேசாக விழ வேண்டும். மழைக்காலத்தில் ஐசிங் சுகரைத் தூவாதீர்கள், அது ஈரம் பட்டுப் பசையாகும். ஃபாண்டன்ட்டை உருண்டையாக்கி, சுருக்கம் இல்லாத பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, உள்ளங்கையால் தட்டையாக்குங்கள். நீளமான வழவழப்பான கட்டையால் நடுவிலிருந்து வெளியே தேயுங்கள்; ஒவ்வொரு இரண்டு தேய்ப்புக்கும் கால்வட்டம் திருப்புங்கள். சப்பாத்தியைப்போல் கவிழ்த்துப் போடக் கூடாது, சோளமாவு மேல்பக்கம் ஏறிவிடும்.

எவ்வளவு அகலம்? கேக்கின் விட்டத்தோடு உயரத்தை இரண்டு முறை கூட்டி, மேலும் 2 அங்குலம் சேருங்கள். நமக்கு 6, 4, 4, 2 ஆக மொத்தம் 16 அங்குலம். கனம் 3 முதல் 4 மில்லிமீட்டர். அதைவிட மெல்லியதானால் ஓரத்தில் கிழியும், தடித்தால் தின்ன முடியாது. 8 அங்குலக் கேக்குக்கு 18 அங்குல வட்டமும் சுமார் 900 கிராமும் வேண்டும்.

கேக்கின் மேல் சீனிப்பாகையோ கொதிக்கவைத்து வடித்த ஜாமையோ தூரிகையால் மெலிதாகத் தடவுங்கள். மினுமினுப்பு தெரிந்தால் போதும், தேங்கக் கூடாது. இப்போது கட்டையில் ஃபாண்டன்ட்டைத் தளர்வாகச் சுற்றித் தூக்கி, கேக்கின் முன்புறம் தொடங்கி மறுபுறம் வரை விரித்துவிடுங்கள். நான்கு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா பாருங்கள். முதலில் மேற்பரப்பை உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளிப்பக்கம் தடவிக் காற்றை வெளியேற்றுங்கள். உடனே மேல் விளிம்பைச் சுற்றிலும் ஒட்டிவிடுங்கள். தொங்கும் கனம் முழுவதையும் தாங்குவது அந்த விளிம்புதான். அதை விட்டுவிட்டுப் பக்கத்துக்குப் போனால் அங்கேதான் அறுபடும்.

பிறகு பக்கங்கள். பட்டுப்பாவாடை கொசுவம்போல் மடிப்புகள் தொங்கும். ஒரு மடிப்பை இடது கையால் வெளிப்பக்கமாக மெல்ல விரித்துப் பிடித்து, வலது உள்ளங்கையால் மேலிருந்து கீழாக அமுக்குங்கள். கீழ்நோக்கி இழுக்கக் கூடாது. மடிப்பை விரி, அமுக்கு, அடுத்தது. இப்படிச் சுற்றிவந்தால் கடைசி மடிப்பும் தானாக மறைவதைக் காண்பீர்கள். அந்தக் கணத்தில் கைக்குக் கிடைக்கும் நிறைவுக்காகவே இந்த வேலையை நான் இன்னும் செய்துகொண்டிருக்கிறேன். அடியில் மிஞ்சியதை முதலில் ஓர் அங்குலம் விட்டு வெட்டி, ஸ்மூத்தரால், அதாவது மேற்பரப்பை வழவழப்பாக்கும் தட்டையான கருவியால், பக்கங்களைத் தேய்த்த பின் ஒட்ட வெட்டுங்கள். இரண்டு ஸ்மூத்தர்களை ஒன்று மேலும் ஒன்று பக்கமுமாக வைத்து விளிம்பை நெருக்கித் தேய்த்தால் கூர்மை வரும்.

தேய்ப்பது முதல் வெட்டுவது வரை 10 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் ஃபாண்டன்ட்டை எடுத்து மறுபடி பிசைந்து போர்த்தலாம், அடியில் கனாஷ் ஒட்டாத பகுதியை மட்டும்.

கோளாறு நேர்ந்தால்

காற்றுக் குமிழி இருந்தால் நுண்ணிய ஊசியைச் சாய்வாகக் குத்தி, விரலால் துளையை நோக்கித் தடவுங்கள். ஊசியின் தலையில் வண்ண மணி இருக்கட்டும், தொலைந்தால் கண்ணில் படும். யானைத் தோல் சுருக்கத்துக்கு விரல் நுனியில் துளி ஷார்ட்னிங் தொட்டு வட்டமாகத் தேயுங்கள். கிழிந்துவிட்டால் உடனே இரு ஓரங்களையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். காய்ந்த பின் என்றால் ஃபாண்டன்ட்டைத் தண்ணீரில் குழைத்துக் களிம்பாக்கி அடைத்து, அந்த இடத்தைக் கேக்கின் பின்பக்கம் ஆக்கிவிடுங்கள், அல்லது அங்கே ஒரு பூ வையுங்கள். சோளமாவு திட்டாகத் தெரிந்தால் உலர்ந்த மென்தூரிகையால் தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம்.

அலங்காரம்

பூவும் பொம்மையும் செய்ய வெறும் ஃபாண்டன்ட் போதாது, துவண்டுவிடும். 250 கிராமுக்கு 1 தேக்கரண்டி சிஎம்சி பவுடர் (ஃபாண்டன்ட்டை இறுக்கும், உணவுக்கு உரிய பசைப் பொடி) சேர்த்துப் பிசைந்து அரைமணி மூடிவையுங்கள், இறுகிக் காயும். ஒட்டுவதற்குப் பசையும் அதிலேயே செய்யலாம்: 2 மேசைக்கரண்டி தண்ணீரில் ஒரு சிட்டிகை சிஎம்சி போட்டு இரவு வைத்தால் காலையில் தெளிந்த கோந்து. பொம்மைகளை மூன்று நாள் முன்பே செய்து காயவிடுங்கள், மழைக்காலம் என்றால் ஐந்து நாள். காய்வதற்கு விசிறி நல்லது, ஃபிரிட்ஜ் ஆகாது. ஜன்னல் வெயிலும் கூடாது, ரோஸும் ஊதாவும் வெளுத்துவிடும். தலையை உடலோடு பொருத்தப் பல்குச்சி செருகாதீர்கள். குழந்தைகள் கடித்துவிடுவார்கள். வேகாத ஸ்பகெட்டித் துண்டு அதே வேலையைச் செய்யும்.

ரோஜாவையும் கரடிப் பொம்மையையும் எல்லோரும் செய்கிறார்கள். நம் ஊர்ப் பொருள்களைக் கேக்கில் ஏற்றிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

பிச்சிப்பூச் சரம்: சிஎம்சி கலந்த வெள்ளை ஃபாண்டன்ட்டில் மிளகளவு கிள்ளி, இரண்டு விரல்களுக்கிடையே உருட்டி, ஒரு முனை கூம்பவும் காம்புப் பக்கம் நீளவும் செய்யுங்கள். அதுதான் மொட்டு. கூம்பிய முனையில் கத்தியால் லேசாகச் சுழன்ற கோடு ஒன்று இழுத்தால் இதழ் மூடியிருப்பது தெரியும். காய்ந்ததும் உலர்ந்த ரோஸ் பொடியைத் தூரிகையால் மொட்டின் முதுகில் மட்டும் தொட்டுத் தடவுங்கள். பிச்சி மொட்டுக்கு அந்தச் செம்மைதான் அடையாளம், அது இல்லாவிட்டால் மல்லிகை ஆகிவிடும். வாழைநார் நிறத்தில் மெல்லிய இழை உருட்டிக் கேக்கின் மேல் விளிம்பில் ஒட்டி, பூத்தொடுப்பதுபோல இரண்டிரண்டு மொட்டுகளை எதிரெதிராக நெருக்கி வைத்துக்கொண்டே போங்கள். 6 அங்குலக் கேக்கைச் சுற்றிவர நூறு மொட்டுக்குக் குறையாமல் வேண்டும். ஒரே இரவில் செய்ய நினைக்காதீர்கள், தினமும் முப்பது என்று உருட்டிச் சேருங்கள்.

பத்தமடைப் பாய்: மணமக்கள் பெயர் நெய்த கோரைப் பாய் நம் கல்யாணங்களில் தருவது வழக்கம்தானே. அதையே கேக்கின் பக்கவாட்டில் கொண்டுவரலாம். வைக்கோல் நிற ஃபாண்டன்ட்டை 2 மில்லிமீட்டர் கனத்தில் பட்டையாகத் தேய்த்து, இரும்பு ஸ்கேலின் விளிம்பால் 2 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் கோடு அழுத்துங்கள், அறுக்காமல். இரு கரையிலும் சிவப்பு, பச்சை நாடாக்களை மிக மெல்லியதாக வெட்டி ஒட்டி, அவற்றின் மேலும் அதே கோடுகளைத் தொடருங்கள். கோடு தொடர்ந்தால்தான் நெய்ததுபோல் இருக்கும், இல்லாவிட்டால் ஒட்டியது ஒட்டியதாகவே தெரியும். பெயரை நுண்தூரிகையில் ஜெல் வண்ணத்தால் எழுதுங்கள். வண்ணத்தைத் தண்ணீரில் கரைக்க வேண்டாம். ஆல்கஹால் உள்ள எசென்ஸ் துளியில் கரைத்தால் உடனே உலரும், ஃபாண்டன்ட் கரையாது.

தங்கப் பொடி பூசுவோருக்கு ஒன்று. "நச்சற்றது" என்று அச்சிட்டிருப்பதும் "உண்ணத்தக்கது" என்று அச்சிட்டிருப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதை மட்டுமே கேக்கில் தொடவிடுங்கள்.

ஃபிரிட்ஜும் பயணமும்

ஓர் ஐப்பசியில் தென்காசிக்கு ஒரு முதல் பிறந்தநாள் கேக். வெள்ளைப் போர்வை, மேலே சிவப்புத் தாமரை. இரவு ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் பெட்டியோடு எடுத்துப்போய், மண்டபத்தில் இறங்கியதும் திறந்துவிட்டேன். வெளியே மழை. பத்து நிமிடத்தில் கேக் முழுவதும் முத்து முத்தாக நீர் பூத்தது. "அக்கா, கேக் வேர்க்கிறதே" என்று குழந்தையின் அம்மா சொல்லும்போதே தாமரையின் சிவப்பு ஒரு கோடாக வெள்ளையில் இறங்கிவிட்டது. பதற்றத்தில் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றினேன்; அந்தக் காகிதத்தின் புள்ளிக்கோலமும் கேக்கில் பதிந்தது.

செய்திருக்க வேண்டியது இதுதான். கனாஷ் பூசிய கேக்குக்கு ஃபிரிட்ஜ் தேவையே இல்லை. குளிர்ச்சியான அறையில் இரண்டு நாள் தாராளமாக இருக்கும். உச்சக் கோடையில் வைத்தே தீர வேண்டும் என்றால், அட்டைப் பெட்டியில் வைத்து எல்லா இடுக்கையும் டேப்பால் ஒட்டி உள்ளே வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் கேக் அறைச் சூட்டுக்கு வரும். அதுவரை வேர்வை பெட்டியின் மேல் பூக்கும், கேக்கின் மேல் அல்ல. ஒருவேளை வேர்த்துவிட்டால் எதனாலும் தொடாமல் விசிறியின் கீழ் விட்டுவிடுங்கள், பெரும்பாலும் தானே உலர்ந்துவிடும்.

காரில் கேக்கின் இடம் தரை, அல்லது சமமான டிக்கி. சீட் சாய்ந்திருக்கும், மடி சூடாக இருக்கும். பெட்டியின் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போடுங்கள். புறப்படும் கால்மணி முன்பே ஏசியை ஓடவிட்டு, வெயில் படும் கண்ணாடிக்குத் துணி மறைப்புக் கட்டுங்கள். இரண்டடுக்குக் கேக் என்றால் அடுக்குகளைத் தனித்தனியே கொண்டுபோய் மண்டபத்தில் ஏற்றுவதே நல்லது; வழியில் வேகத்தடைகள் ஏராளம். கீழ் அடுக்குக்குள் கேக்கின் உயரத்துக்கே வெட்டிய உணவுக்கு உகந்த தடித்த குழல்களை ஐந்து, ஆறு செருகி, மேல் அடுக்கை அதன் அட்டையோடு அவற்றின் மேல் உட்காரவையுங்கள். கேக்கின் கனத்தைக் குழல்கள் தாங்கும்.

வெட்டும்போது கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் அப்படியே செய்யுங்கள். இனிப்பு திகட்டுகிறவர்கள், குறிப்பாகப் பெரியவர்கள், ஃபாண்டன்ட்டை உரித்துவிட்டு உள்ளிருக்கும் கேக்கை உண்ணலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. துண்டு வைக்கும்போதே கேட்டு உரித்துக் கொடுங்கள். வெட்டி எடுத்த ஓரங்களில் கனாஷ் படாதவற்றை நிறம் நிறமாகப் பிரித்து, ஷார்ட்னிங் தடவிச் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வையுங்கள். இரண்டு மாதம் கெடாது. அடுத்த கேக்கின் மொட்டுகளை அதிலிருந்தே உருட்டத் தொடங்கலாம்.